அஞ்சாவது நாற்காலி

ஐந்து பேர் இருந்தால் பாடம் உண்டு. நான்கு பேர் என்றால் இல்லை. மேல்நிலை வகுப்புகள் தொடங்கிய ஆறாவது வாரம், வியாழக்கிழமை, கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். வகுப்பு வகுப்பாகத் தலைகளை எண்ணுவார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். எந்தப் பாடத்தில் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இறங்குகிறதோ அந்தப் பாடத்தின் ஆசிரியர் அன்றிலிருந்து 'உபரி'. உபரி ஆசிரியரை எங்கே ஆள் இல்லையோ அங்கே அனுப்புவார்கள். ஆள் இல்லாத இடம் எப்போதும் தூரத்தில்தான் இருக்கும்.

அந்த ஆண்டு ஆங்கில இலக்கியத்தில் தானாக வந்து சேர்ந்தவர்கள் நான்கு பேர். ஐந்தாவதாகச் சேர்க்கப்பட்டவளுக்குப் பதினாறு வயது. அவளுக்குப் பெயர் இருந்தது, ஆனால் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. முதல் நாளே மற்ற நால்வரும் அவளை அஞ்சு என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எண்ணிக்கையைச் சொல்கிறார்களா, பெயர் வைக்கிறார்களா, பயப்படு என்கிறார்களா என்று யாரோ கேட்டபோது, மூன்றும்தான் என்றாள்.

அஞ்சு சேர விரும்பிய பாடம் உயிரியல். அதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது. அம்மா ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளி விட்டதும் அஞ்சு நேராக அங்கேதான் போவாள். குழாய்களுக்கு லேபிள் ஒட்டுவாள். கூட்டம் குறைந்த நேரத்தில் நுண்ணோக்கியில் கண் வைக்க விடுவார்கள். ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டியிருந்த சொட்டுக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்களா என்று முதல் முறை பார்த்தபோது வாயைப் பிளந்தவள், அன்றே முடிவு செய்துவிட்டாள். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் படிப்பில் சேர வேண்டும். அதற்கு மேல்நிலையில் உயிரியல் படித்திருக்க வேண்டும். வேறு எதைப் படித்திருந்தாலும் விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்க மாட்டார்கள்.

இலக்கியத்தில் அவளைச் சேர்த்தது வீடு. அந்தப் பாடத்தின் ஆசிரியை அவளுடைய சித்தி, அம்மாவின் தங்கை. எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மாடியில் மூன்று அறைகள், ஒரு நீள வராந்தா, குளியலறைக் கதவுக்கு மேலே எப்போதும் காயும் துணிகள். அப்பா தொலைதூர லாரி ஓட்டினார், மாதத்தில் ஒரு வாரம் தலைகாட்டுவார். சித்தப்பா கப்பலில், அவர் தலைகாட்ட எட்டு மாதம் ஆகும். ஆக வீட்டில் நிரந்தரமாக இருந்தவர்கள் அம்மா, சித்தி, அஞ்சு, சித்தியின் ஐந்து வயது மகள் நண்டு. நண்டு என்பது அவள் நடந்த விதத்தைப் பார்த்து வைத்த பெயர். இப்போது நேராக நடக்கிறாள், பெயர் மட்டும் பக்கவாட்டிலேயே நின்றுவிட்டது.

உபரி என்றால் என்ன என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நண்டு எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது சித்தி ஒருமுறை உபரியாகி, ஒரு நாள் முழுக்கப் பயணம் போகிற இடத்துக்கு அனுப்பப்பட்டாள். அங்கே நான்கு ஆசிரியைகளுக்கு ஓர் அறை. குழந்தையைக் கொண்டுபோக வழியில்லை. மூன்று ஆண்டுகள் மாதம் ஒருமுறை வந்து போனாள். பேச்சு வந்ததும் நண்டு பெரியம்மாவை அம்மா என்று கூப்பிட்டது. பெற்றவளை 'அந்த அம்மா' என்றது. சித்தி பையை வாசலில் வைத்ததும் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். சித்தி முட்டி போட்டு, தலையைக் கட்டிலுக்கு அடியில் விட்டு, வெளியே வரச்சொல்லிக் கெஞ்சியதை அஞ்சு பார்த்திருக்கிறாள். கெஞ்சியபோது அவள் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட அஞ்சுவுக்கு நினைவிருக்கிறது.

அதனால்தான் சேர்க்கை வாரத்தில், நான்கே பேர் என்று தெரிந்ததும், அம்மா இவளைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். ஆறு வாரம் அந்த வகுப்பில் போய் உட்காரு, அதிகாரி எண்ணிவிட்டுப் போனதும் உயிரியலுக்கு மாறிக்கொள்ளலாம், அதற்குள் குடிமுழுகிப் போகாது என்றாள். அஞ்சு தலையாட்டினாள். ஆறு வாரம் என்பது பேருந்துக்குக் காத்திருப்பது மாதிரி என்று நினைத்தாள்.

வகுப்பறை எண் ஏழு. பெயர்தான் வகுப்பறை. ஐந்து பேருக்கு எதற்குப் பெரிய அறை என்று நூலகத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஒழித்தது பாதி. ஒரு பக்கம் சுருட்டி வைத்த வரைபடங்கள், இன்னொரு பக்கம் உயரம் தாண்டுவதற்கான மெத்தைகள், நடுவில் ஐந்து நாற்காலி. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை. அது எந்தக் காலத்திலோ கழன்று விழுந்திருந்தது. யாராவது கதவைச் சாத்திவிட்டால், துளையில் இரும்பு ஸ்கேலை விட்டுத் திருப்பித்தான் வெளியே வர வேண்டும். அந்த ஸ்கேல் சித்தியின் மேசை டிராயரில் இருந்தது. இலக்கியத்துக்குள் வருவது சுலபம், போவதற்கு மிஸ்ஸின் உதவி வேண்டும் என்று கவிஞர் முதல் வாரமே சொல்லிவிட்டாள்.

கவிஞர் என்றால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து கவிதை எழுதிக்கொண்டு வருகிற பெண்; முதல் பக்கத்திலிருந்து வரும் கணக்கை எங்கோ நடுவில் சந்திப்பாள். அவளைத் தவிர ஓர் இரட்டையர், அண்ணன் தங்கை, ஒரே புத்தகத்தை இருவரும் பங்குபோட்டுப் படிப்பார்கள். நான்காவது ஸ்போக்கன். ஆங்கில இலக்கியம் என்றால் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசச் சொல்லித்தருவார்கள் என்று நம்பி வந்து மாட்டிக்கொண்டவள். திங்கட்கிழமைதோறும் கை தூக்கி, பேசுவது எப்போது தொடங்கும் என்று கேட்பாள். முதலில் கேட்பது தொடங்கட்டும் என்பாள் சித்தி.

அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே, நடைபாதைக்கு அந்தப்புறம், உயிரியல் ஆய்வுக்கூடம். அங்கே மேசைமேல் என்ன இருக்கிறது என்பதை வைத்தே எந்தப் பாடம் நடக்கிறது என்று அஞ்சு கண்டுபிடித்துவிடுவாள். வெங்காயம் இருந்தால் செல். தொட்டிச்செடி இருந்தால் நீர் ஏறுவது. இவள் கையில் இருந்ததோ பதினான்கு வரியில் ஒரு கவிதை. இதன் தொனி என்ன என்று கேள்வி. ரத்தத்தில் சர்க்கரை இவ்வளவு என்றால் இவ்வளவுதான். அம்மாவிடம் போய் அதன் தொனியை யாரும் கேட்பதில்லை. இங்கே எது சொன்னாலும் சரி, ஆதாரம் காட்டினால். ஆதாரம் என்பது சித்தியின் வார்த்தை. ஐந்து பேரின் விடைத்தாளிலும் ஓரத்தில் சிவப்பு மையில் அது இருக்கும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

வேடிக்கை என்னவென்றால் அஞ்சு அந்தப் பாடத்தில் மோசமில்லை. நுண்ணோக்கியில் உட்கார்ந்த கண். ஒரு வரியை வைத்தால் அதிலேயே கிடப்பாள், மற்றவர்கள் பக்கம் திருப்பினாலும் திருப்ப மாட்டாள். மூன்றாம் வாரத்துக்குள் அவளுக்கே முதல் மதிப்பெண் வர ஆரம்பித்தது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சித்தி சொல்லிவிட்டாள்.

அதே மூன்றாம் வாரம்தான் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டது. பாடம் மாற விரும்புவோர் படிவத்தை ஒப்படைக்கக் கடைசி நாள்: ஆறாவது வார வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. அஞ்சு இரண்டு முறை படித்தாள். அதிகாரி எண்ண வருகிற அதே வியாழக்கிழமை. எண்ணி முடித்த பிறகு மாறலாம் என்றார்கள். எண்ணுகிற நாளோடு கதவு சாத்தப்படுகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னாள். சித்தி தொட்டியடியில் நண்டுவின் பள்ளி ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. அம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு, இரண்டு வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று ஆரம்பித்தாள். ஓடுவது வருஷம் மட்டும் இல்லை, உயிரியலும்தான் என்று அஞ்சு சொன்னாள். வேறு ஏதாவது படிப்பு இருக்காதா என்று அம்மா கேட்டாள். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று அந்த வீட்டிலேயே அதிகம் தெரிந்தவள் அம்மாதான். கேட்டுவிட்டு அவளே வேறு பக்கம் பார்த்தாள்.

"உனக்கு இதுதான் நல்லா வருதுன்னு சித்தி சொல்றாளே," என்றாள் கடைசியாக.

"நல்லா வர்றதுக்காகவே மாட்டணுமாம்மா?"

ஷூவிலிருந்து நுரை வழிந்தது.  சித்தி போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அஞ்சுவுக்கு அதுதான் தாங்கவில்லை. இரு என்று சொல்லியிருந்தால் மல்லுக்கு நிற்கலாம். ஒன்றும் சொல்லாத ஆளிடம் எதை வைத்துச் சண்டை போடுவது? அன்று நண்டு வேறு, காலில் ஒரு செருப்பும் கையில் ஒரு செருப்புமாக வந்து, அம்மா எனக்கு, அம்மா எனக்கு என்று சித்தியின் முதுகில் தொற்றிக்கொண்டிருந்தது. இப்போது அது சரியான ஆளைத்தான் அம்மா என்று கூப்பிட்டது. அதற்கு ஒன்றரை வருஷம் பிடித்தது என்பதும் அஞ்சுவுக்குத் தெரியும்.

மறுநாள் அவள் அலுவலகத்தில் படிவம் வாங்கினாள். மூன்று இடத்தில் கையெழுத்து: மாணவர், பெற்றோர், விடுவிக்கும் பாடத்தின் ஆசிரியர். அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வெகுநேரம் படித்தாள், அத்தனை நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு போட்டுவிட்டு, "மூணாவது கையெழுத்து என் கையில இல்ல," என்றாள். படிவம் அகராதிக்குள் போய் இருந்துகொண்டது.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் மாறியது. சிறு வயதிலிருந்து அஞ்சு சித்தியை நீ என்றுதான் கூப்பிடுவாள். சித்தி, நீ எங்க வச்ச, சித்தி, நீ சும்மா இரு. வகுப்பில் மட்டும் மிஸ், நீங்க. முதல் வாரம் வீட்டில் ஒருநாள் வாய் தவறி, நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சித்திதான் அதிகம். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வாய் தவறவில்லை, ஆனால் நீங்க நின்றும் போகவில்லை. வாங்க, இருக்கீங்களா, துணி எடுத்தாச்சுங்க. "என்னடி, சித்திக்கு மரியாதை பலமா இருக்கு," என்று அம்மா கிண்டல் செய்தாள். சித்தி இம்முறை சிரிக்கவில்லை.

நான்காம் வாரம் வகுப்பில் நாடகத்தை முடித்தார்கள். ஓர் ஆற்றங்கரையில், படகுத்துறைக்குப் பக்கத்தில், இரண்டு சகோதரிகள் தங்கும் விடுதி நடத்துகிறார்கள். தங்கைக்கு அக்கரைக்குப் போக வேண்டும். அவளுடைய குளிர்க் கோட்டை அக்கா அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள், பூச்சி அரிக்காமல் இருக்கத்தானாம். கோட்டு இல்லாமல் அந்தக் குளிரில் படகு ஏற முடியாது. நாடகம் முழுக்க அந்தக் கோட்டைச் சுற்றியே போகிறது. கடைசிக் காட்சியில் தங்கை படகேறுகிறாள். கட்டுரைக்கு சித்தி கொடுத்த கேள்வி: தங்கை அந்த வீட்டை விட்டு வெளியேறுவது எந்த இடத்தில்?

மற்ற நால்வரும் தொண்ணூற்று மூன்றாம் பக்கம் என்று எழுதினார்கள், அங்கேதானே படகு வருகிறது. இரட்டையர் ஒரே புத்தகம் என்பதால் ஒரே விடை. அஞ்சு எழுபத்தொன்று என்று எழுதினாள். எழுபது பக்கம் வரை, அஞ்சுவின் காதுக்கு, தங்கை அக்காவை நீ என்கிறாள். எழுபத்தோராம் பக்கத்தில் கோட்டைக் கேட்கும்போது முதன்முறையாக நீங்க என்கிறாள். அந்த நிமிடமே அவள் வெளியே போய்விட்டாள், மிச்சம் இருபத்திரண்டு பக்கமும் அவள் உடம்பு மட்டும்தான் அங்கே நடமாடுகிறது. மரியாதை சில சமயம் ஒரு தூரம். இதை ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். நீ, நீங்க இரண்டையும் ஆங்கிலத்தில் எழுத வழியில்லாமல் தமிழ் எழுத்திலேயே போட்டாள். எழுதும்போது அவள் நாடகத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அது அவளுக்குத் தெரியும். வாசிக்கப்போகிறவளுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதினாள்.

கட்டுரைத்தாளுக்கு நடுவில் படிவத்தை மடித்து வைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை கட்டுரை திரும்பி வந்தது. இருபத்தைந்துக்குப் பத்தொன்பது, வகுப்பிலேயே அதிகம். ஓரத்தில் சிவப்பு மை: ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். ஆதாரம்? அஞ்சு தாளைத் திருப்பினாள், உதறினாள், நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். படிவம் இல்லை.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே பேருந்தில் போனார்கள், அஞ்சுவின் பை சித்தியின் மடியில் இருந்தது, சித்தியின் கைப்பைக்குள் அஞ்சுவின் படிவம் இருந்தது. வெட்டவெளியில் நடக்கும்போதுகூட அவளுக்கு ஏழாம் அறைக்குள் இருப்பதாகவே தோன்றியது. விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. இவள் போனால் தாங்கள் நால்வரும் இரண்டு பேருந்து மாறி வேறு பள்ளிக்குப் போக வேண்டி வரும் என்று ஸ்போக்கன் கணக்குப் போட்டிருந்தாள். "ஒப்புக்குச் சப்பாணின்னாலும் நீ எங்க சப்பாணி. எழுந்து ஓடிடாத," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அஞ்சுவின் நாற்காலியைக் கதவிலிருந்து தள்ளி, வரைபடங்களுக்குப் பக்கத்தில் போட்டாள்.

ஆறாவது வார வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். கண்ணாடி, கோப்பு, வியர்வை. ஏழாம் அறைக்குள் நுழைந்து பின்னால் கதவைச் சாத்தினார். சாத்தாதீங்க சார் என்று ஐந்து பேரும் சேர்ந்து சொல்வதற்குள் சாத்திவிட்டார். பரவாயில்லை என்று சொல்லி விரலை நீட்டி எண்ணினார். ஐந்து. திருப்தியாகத் தலையாட்டி, சும்மா போகக்கூடாது என்பதற்காக, கடைசியில் இருந்த அஞ்சுவிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒரு கோட்டைப் பத்தி, சார்."

"எந்தக் கோட்டை? யார் கட்டினது?"

"கட்டினது இல்ல சார். தைச்சது."

கவிஞர் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரட்டையர் ஒரே நேரத்தில் இருமினார்கள். அதிகாரிக்குப் புரிந்ததா இல்லையா தெரியவில்லை, நல்லது நல்லது என்றபடி கதவைத் திறக்கப் போனார். திறக்க ஒன்றும் இல்லை. துளையைப் பார்த்தார். சித்தி டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து திருப்பினாள். முதல் திருப்பில் வரவில்லை. அந்த அரை நிமிடம் அதிகாரி முகத்தில் ஓடியதை அஞ்சு கவனித்தாள். ஆறு வாரமாகத் தன் முகத்தில் ஓடுவது வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். கதவு திறந்தது. அவர் வெளியே நின்று, நடைபாதைத் தூணில் பதிவேட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மணி பதினொன்று இருபது.

மதிய இடைவேளையில் அஞ்சு அலுவலகத்துக்குப் போனாள். ஆசிரியர் கையெழுத்து இல்லாமல் புதுப் படிவம் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கத்தான். எழுத்தர் கறாரானவர். கண்ணை நிமிர்த்தாமலே, மூன்று கட்டமும் நிரம்பாத தாள் தன் மேசைக்கு வரக்கூடாது என்றார். நீல மையில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார். அஞ்சு திரும்பியபோது, அவள் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, எந்தப் பாடம் என்று கேட்டார். சொன்னாள்.

"அதுக்கென்ன, ஐயா எண்ணிட்டுப் போயாச்சே. நாலு மணிக்குள்ள குடுத்தா நாளைத் தேதியில ஏத்துவேன்."

அஞ்சு நின்றாள். "அப்ப இன்னைக்குக் கணக்குல குறையாதா?"

"அந்தக் கணக்கு பதினொன்னு இருபதோட முடிஞ்சுதும்மா. இனிமே அடுத்த வருஷம்தான் எண்ணுவாங்க."

"அடுத்த வருஷம் நாலு பேர்தான் இருப்பாங்க."

"நாலுன்னா உபரி," என்றார் எழுத்தர். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

பதினொன்று இருபதுக்கும் நான்குக்கும் நடுவே நாலு மணி நாற்பது நிமிடம் இருந்தது. வீட்டில் இத்தனை நாள் இருவரில் ஒருவர் என்று பேசாமல் பேசிக்கொண்டிருந்தார்களே, நடுவே இப்படி ஒரு சந்து இருந்திருக்கிறது. அதில் நுழைந்தால் சித்திக்கு முழுசாக ஓர் ஆண்டு கிடைக்கும். இவளுக்கு உயிரியல் கிடைக்கும். நடைபாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான் அடுத்த நினைப்பு வந்தது. பதினான்கு ஆண்டு இதே துறையில் இருக்கிற, ஒருமுறை உபரியாகிப் பார்த்த சித்திக்கு இந்தச் சந்து தெரியாமலா இருக்கும்?

கடைசி மணி அடிக்கும் வரை காத்திருக்க வேண்டி வந்தது. மூன்று இருபதுக்கு ஆசிரியர் அறைக்குப் போனாள். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். சித்தி மட்டும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தாள். கைப்பை எதிரே இருந்தது.

"மிஸ், என் படிவம் உங்ககிட்ட இருக்கு."

"இருக்கு."

"பதினொன்னு இருபதுக்கே கணக்கு முடிஞ்சுட்டதாம். இப்ப மாறினா இந்த வருஷம் ஒண்ணும் ஆகாதாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கு வீட்டுல பேசினப்ப ஏன் சொல்லலை?"

சித்தி மேசைமேல் இருந்த சுண்ணக்கட்டித் தூளை விரலால் ஒதுக்கினாள். "சொன்னா நீ கேட்டிருப்ப. கேட்டா நான் போட்டுத் தந்திருக்கணும். ரெண்டு வருஷம் இருந்தா நண்டு ஏழு வயசு. ஏழு வயசுன்னா யாரு அம்மான்னு மறக்காது." விரலைச் சேலையில் துடைத்தாள். "அதைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன். அந்த ஆளு தலையை எண்ணினாரு, நான் வயசை எண்ணினேன்."

அஞ்சுவுக்குக் கோபப்பட வேண்டும் போலிருந்தது. கட்டிலுக்கு அடியில் கெஞ்சிய சேலை நினைவுக்கு வந்து தொலைத்தது.  கடிகாரம் மூன்று இருபத்தெட்டு காட்டியது.

"ஆதாரம் எங்கன்னு கேட்டிருந்தேனே, தேடினியா?" என்றாள் சித்தி.

"இங்கிலீஷ்ல ரெண்டு யூ இல்லையே, மிஸ். எங்க போய்த் தேடறது?"

சித்தி நாடகப் புத்தகத்தை எடுத்தாள். எழுபத்தோராம் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பேருந்துச் சீட்டு செருகியிருந்தது. கோட்டைக் கேட்கும் வரியின் கடைசி வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு.

"ப்ளீஸ். இதுக்கு முந்தி எழுபது பக்கத்துல அவ அக்காகிட்ட ஒரு ப்ளீஸ் சொல்லலை. எண்ணிப் பார்த்தேன். இதுதான் மொத ப்ளீஸ். நீ கேட்ட அந்த நீங்க இதுக்குள்ளதான் இருக்கு. இந்த ஒரு வார்த்தையைக் காட்டியிருந்தா இருபத்தஞ்சும் போட்டிருப்பேன்." புத்தகத்தை மூடினாள். "எப்பலேருந்து?"

"என்னது?"

"எனக்கு. நீங்க."

"மூணாவது வாரத்துலேருந்து."

சித்தி தலையாட்டினாள், அவள் போட்டு வைத்திருந்த கணக்கும் அதுதான் என்பது போல. கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். நான்காக மடித்திருந்ததைப் பிரித்து உள்ளங்கையால் நீவினாள். பேனாவைத் திறந்தாள், சிவப்பு. மேசையில் தேடினாள், அதுவும் சிவப்பு.

"உன் பேனாவைக் குடு."

அஞ்சு கொடுத்தாள். சித்தி மூன்றாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். ஊதி உலர்த்தினாள், நீல மை ஊதாமலே உலரக்கூடியது. படிவத்தையும் பேனாவையும் ஒன்றாக நீட்டினாள். பிறந்ததிலிருந்து அஞ்சுவை அவள் வாடி, போடி, நீ என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டது கிடையாது.

"நேரமாச்சு," என்றாள். "நீங்க போகலாம்."

 அது கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வார்த்தைக்குள் என்னென்ன இருக்கிறது என்று அந்தப் பள்ளியிலேயே அஞ்சுவுக்குத்தான் தெரியும், அவளே எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். மூன்று நாற்பத்தாறு. சித்தி அடுத்த கட்டுரையை எடுத்துத் திருத்தத் தொடங்கியிருந்தாள், கையில் சிவப்புப் பேனா.

ஓடினாள். ஏழாம் அறை திறந்து கிடந்தது, யாரோ கதவிடுக்கில் ஒரு வரைபடச் சுருளைச் செருகி வைத்திருந்தார்கள். எழுத்தர் மூன்று கட்டத்தையும் விரல் வைத்துப் பார்த்தார், மையின் நிறம் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். ஆறு வாரப் பாடத்தை யாரிடமாவது வாங்கி எழுதிக்கொள் என்றார்.

திங்கட்கிழமை முதல் மணி உயிரியல். ஏழாம் அறையில் அதே நேரம் நான்கு நாற்காலிக்குக் கவிதை. அடுத்த கணக்கெடுப்பு அடுத்த ஆண்டு ஆறாவது வாரம், வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அன்று நண்டுவுக்கு ஆறு வயது ஆகியிருக்கும்.